ஆர்டிஏ கருகுதா, லீக் ஆகுதா, ஓம்ஸ் ஆடுதா? அறிகுறிய வச்சு கண்டுபிடிச்சு சரி பண்றது எப்படி

ஆர்டிஏன்னா (RTA) சூடாக்கற கம்பிச்சுருளையும் (காயில்) காட்டனையும் நாமளே கட்டி மாத்திக்கற வேப் டேங்க், ஓம்ஸ்னா அந்த காயிலோட மின் தடை, ஜூஸ்னா உள்ள ஊத்தற திரவம். முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன், இது சிகரெட்ட விட்டுட்டு வேப்புக்கு மாறுனவங்களுக்கு மட்டும்தான், புகையே பிடிக்காதவங்க இத படிச்சுட்டு ஆரம்பிக்க வேண்டாம், நிகோடின் பழகுனா விடறது கஷ்டம். இன்னொன்னு, நான் எழுதறது யுகேல இருக்கற நம்ம ஆளுங்கள மனசுல வச்சு. இங்க 2025 ஜூன் 1லேர்ந்து டிஸ்போசபிள் விக்கக்கூடாதுன்னு ஆனப்புறம் நிறைய பேர் ரீஃபில் டேங்க் பக்கம் வந்தாங்க, அதுல கொஞ்சம் பேர் ரெடிமேட் காயில் வாங்கி வாங்கி சலிச்சுப்போய் தானே காயில் கட்டற ஆர்டிஏ பக்கம் வந்துட்டாங்க. இந்தியாவுல 2019 சட்டப்படி இ-சிகரெட் விக்கறது, இறக்குமதி பண்றது, ஸ்டாக் வைக்கறது எல்லாமே தடை, சிங்கப்பூர்ல கையில வச்சிருந்தாலே குத்தம், அதனால ஊருக்கு போறப்போ பெட்டில தூக்கி போட்டுட்டு போயிடாதீங்க.

சரி மேட்டருக்கு வருவோம். ஆர்டிஏல வர்ற பிரச்சனைல பெரும்பாலானத பாத்தீங்கன்னா கருகலும் லீக்கும்தான். இந்த ரெண்டையும் ரெண்டு தனித்தனி நோய்னு நினைச்சுதான் எல்லாரும் மாட்டிக்கறாங்க. கருகுச்சுன்னா காட்டன் பத்தலன்னு இன்னும் கொஞ்சம் திணிக்கறாங்க, லீக் ஆச்சுன்னா டேங்க் மோசம்னு வேற டேங்க் ஆர்டர் போடறாங்க. ரெண்டுமே ஒரே எடத்துலேர்ந்து வர்றதுதான், ஜூஸ் ஓட்டை மேல உக்காந்திருக்கற அந்த ரெண்டு காட்டன் வால், அதாவது காயிலுக்குள்ள நுழைச்ச காட்டனோட ரெண்டு பக்க நுனி.

டேங்க் எப்படி வேலை செய்யுதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. வீட்ல தண்ணி கேன டிஸ்பென்சர்ல கவுத்து வைப்போமே, தண்ணி எறங்க எறங்க கீழேர்ந்து ஒரு குமிழி களக்குன்னு மேல ஏறும்ல, அதே கதைதான். மேல மூடி இறுக்கமா மூடியிருக்கு, உள்ள காத்து புக வழியில்ல, அதனால ஜூஸ் அப்படியே நிக்குது. நீங்க இழுக்கறப்போ காட்டன்ல இருக்கற ஜூஸ் காயில்ல ஆவியாகுது, காட்டன் டேங்க்லேர்ந்து இன்னும் ஜூஸ குடிக்குது, உள்ள அழுத்தம் குறையுது, குறைஞ்சதும் காட்டன் ஓரமா ஒரு குமிழி மேல போகுது. காட்டன் ரொம்ப அடைச்சிருந்தா குமிழி போக முடியாது, ஜூஸும் எறங்காது, கருகும். காட்டன் ரொம்ப லேசா இருந்தா காத்து இஷ்டத்துக்கு உள்ள போகும், அந்த பிடிமானம் போயிடும், ஜூஸ் கீழ கொட்டும். ஆக காட்டன்தான் இங்க வால்வு. கீழ சொல்ற எந்த அறிகுறிய பாத்தாலும் இத மனசுல வச்சுக்கோங்க.

ஒரு கண்டிஷன், ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க. காட்டனயும் மாத்தி வாட்டேஜையும் மாத்தி ஜூஸையும் மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு தெரியவே தெரியாது. வரிசையும் முக்கியம், முதல்ல ஓம்ஸ், அப்புறம் காட்டன், கடைசியா ஓ-ரிங்.

ஸ்க்ரீன்ல நோ அடாமைசர், ஷார்ட்னு வருது, இல்ல ஓம்ஸ் நம்பர் ஆடிட்டே இருக்கு

இது காட்டன் பிரச்சனையே இல்ல, அதனால காட்டன எடுத்துட்டு வெறும் காயிலோட பாருங்க. டேங்க மாட்லேர்ந்து (பேட்டரி இருக்கற பாகம்) கழட்டி 510 பின்னையும் (டேங்க் அடியில மாட்டோட சேர்ற முனை) மரையையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால துடைங்க, மாட் பக்கம் இருக்கற பின்னையும் துடைங்க, ஜூஸ் பிசின் மாதிரி அங்க காஞ்சு போயிருக்கும். நல்லா காஞ்சப்புறம் திரும்ப மாட்டுங்க, விரல் நுனி பலத்துக்கு மேல முறுக்காதீங்க, ரொம்ப இறுக்குனா மாட்ல இருக்கற ஸ்ப்ரிங் பின் அமுங்கிப்போய் அடுத்த டேங்க் மாட்டறப்போ கனெக்‌ஷனே கிடைக்காது.

அப்பவும் ஆடுதுன்னா டெக்ல (காயில் உக்கார்ற அடித்தளம்) காயில் கால (கம்பியோட முனை) பிடிச்சிருக்கற ஸ்க்ரூவ பாருங்க. புது காயில் போட்டு முதல் தடவ சூடு பண்ணுனதும் கம்பி கொஞ்சம் இளகும், ஸ்க்ரூ லூஸ் ஆகும், அதனால முதல் பல்ஸ் (பட்டன சட்டுனு அமுக்கி விடறது) குடுத்து ஆறவிட்டு ஸ்க்ரூவ இன்னொரு கால் திருகு இறுக்கறது கட்டாயம், பல பேர் விடற ஸ்டெப் இதுதான். அதுக்காக ரொம்ப இறுக்குனா மெல்லிசு கம்பிய ஸ்க்ரூவே வெட்டிடும், 28 கேஜ் கம்பி 0.32 மில்லிமீட்டர்தான், பாத்து பண்ணுங்க. பின்னுக்கு உள்பக்கம் ஒரு இன்சுலேட்டர் இருக்கும், பாசிட்டிவ் போஸ்ட்ட பாடியிலேர்ந்து பிரிச்சு வைக்கறது அதுதான், கழுவிட்டு திரும்ப அசெம்பிள் பண்றப்போ அது கோணலா உக்காந்தா ஓம்ஸ் தாறுமாறா வரும்.

வெட்டுன கால் மிச்சம் நீட்டிட்டு இருந்து டெக்க தொட்டாலும் ஷார்ட்தான். இதுல ஒரு ஏமாத்து இருக்கு, டெக் மட்டும் மாட்டி பாக்கறப்போ ஓம்ஸ் கரெக்டா இருக்கும், மேல சேம்பர (காயில மூடற கூடு) மாட்டுனதும் எறங்கிடும். அப்படி எறங்குச்சுன்னா காயிலோ காலோ சேம்பர் சுவர தொடுதுன்னு அர்த்தம். அதனால காட்டன் போடறதுக்கு முன்னாடியே சேம்பர ஒரு தடவ மாட்டி ஓம்ஸ் பாத்துடுங்க, காட்டன் போட்டு ஜூஸ் ஊத்துனப்புறம் இத கண்டுபிடிச்சா எல்லாத்தையும் பிரிக்கணும்.

எவ்வளவு ஓம்ஸ் வரணும்னு தெரியாம இருந்தா ஆடுதா இல்லையான்னே தெரியாது. ஒரு குத்துமதிப்பு சொல்றேன். கந்தால் (இரும்பு-குரோமியம்-அலுமினியம் கலவை கம்பி) 26 கேஜ், 3 மில்லிமீட்டர் உள் விட்டம், 6 சுத்து போட்டா 0.8 ஓம் பக்கம் வரும். அதே சுத்து அதே விட்டம் என்ஐ80 (நிக்கல்-குரோமியம்) கம்பின்னா 0.6 பக்கம். கந்தால் 28 கேஜ், 2.5 மில்லிமீட்டர், 6 சுத்துன்னா 1.1 கிட்ட. இதுலேர்ந்து 0.05 அங்க இங்க இருந்தா கவலையில்ல, கால் நீளம் மாறுனாலே அது மாறும். பாதிக்கு பாதி எறங்கியிருந்தா எங்கயோ தொடுது, ஏறிட்டே போகுதுன்னா எங்கயோ லூஸ்.

காயில் ஒரு பக்கம் மட்டும் சிவக்குது

காட்டன் இல்லாம, கம்மி வாட்ல, 10லேர்ந்து 15க்குள்ள வச்சு சின்ன சின்ன பல்ஸ் குடுங்க. நல்ல காயில் நடுவுல ஆரம்பிச்சு ரெண்டு பக்கமும் சமமா பரவணும். கால் முதல்ல சிவந்தா அந்த பக்கம் ஸ்க்ரூ லூஸ் இல்லைன்னா கால் ரொம்ப நீளம். நடுவுல ஒரே ஒரு சுத்து மட்டும் பளிச்சுன்னு எரிஞ்சா அது ஹாட் ஸ்பாட், செராமிக் ட்வீசர் நுனியால சுத்துங்க மேல லேசா வருடி விடுங்க, பட்டன விட்டப்புறம் காயில் சூடா இருக்கறப்போ மெதுவா ரெண்டு பக்கமும் சேத்து அமுக்குங்க, திரும்ப பல்ஸ், திரும்ப வருடல், நாலஞ்சு தடவைல சரியாகிடும். பட்டன் அமுக்கிட்டு இருக்கறப்போ இரும்பு ட்வீசர் காயில்ல படவே கூடாது, ஷார்ட் ஆகும். இதெல்லாம் சுத்து ஒட்டி ஒட்டி இருக்கற காயிலுக்கு, இடைவெளி விட்டு சுத்துன காயில்னா இடைவெளி சமமா இருக்கான்னு மட்டும் பாத்தா போதும், அத அமுக்காதீங்க.

எஸ்எஸ்316எல் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கம்பிய மங்கலா சிவக்கற அளவுக்கு மேல கொண்டு போகாதீங்க. டைட்டானியம், நிக்கல் 200 ரெண்டையும் சிவக்க வைக்கவே கூடாது, அத விட்டுடறது நல்லது. கந்தாலும் என்ஐ80யும்தான் ஆரம்பிக்கறவங்களுக்கு தோதானது.

கருகல் வாடை வருது

இத நிதானமா பாக்கணும், ஏன்னா கருகல்னு சொல்றதுல பாதி கருகலே இல்ல. உண்மையான ட்ரை ஹிட்ன்னா தொண்டைய அறுத்துடும், பேப்பர் எரிஞ்ச மாதிரி ஒரு கசப்பு வரும், அடுத்த இழுப்புலயும் அந்த கசப்பு நிக்கும். காட்டன் கருகுது, அதோட கிளிசரின் அளவுக்கு மீறி சூடாகி அக்ரோலீன்ற சமாச்சாரமும் உண்டாகுது, நுரையீரல எரிச்சல் படுத்தற பொருள் அது. அதனால கருகல் வாடை வந்தா இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்து பாக்கலாம்னு இழுக்காதீங்க, உடனே நிறுத்துங்க, கருகுன காட்டன் திரும்ப சரியாகாது, மாத்தித்தான் ஆகணும்.

தொண்டை மட்டும் சுர்ருன்னு எரியுது ஆனா சுவை நல்லாத்தான் இருக்குன்னா அது நிகோடின் ஜாஸ்தி. ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் சால்ட் (நிகோடின் உப்பு) ஜூஸ, இங்க சட்டப்படி அதுதான் உச்சம், காத்து தாராளமா போற டேங்க்ல ஊத்தி 40 வாட்ல இழுத்தா யாருக்கும் எரியத்தான் செய்யும். அந்த ஜூஸுக்கு சிகரெட் மாதிரி வாய்ல இழுத்து அப்புறம் உள்ள எடுக்கற எம்டிஎல் டேங்க்தான் சரி, கேஃபன் மாதிரி. நேரா நுரையீரலுக்கு இழுக்கற டேங்க்ல 3 மில்லிகிராம், 6 மில்லிகிராம் போதும்.

இப்போ நிஜ கருகல். அது எப்போ வருதுன்னு பாருங்க, பதில் அங்கதான் இருக்கு.

முதல் இழுப்புலயே வந்தா காட்டன் சரியா நனையல. காட்டன் போட்டதும் மேலேர்ந்து சொட்டு சொட்டா ஜூஸ் விட்டு, காயில் மேலயும் ரெண்டு வால்லயும், வெள்ளை காட்டன் கண்ணாடி மாதிரி ஆகற வரைக்கும் நனைக்கணும். நனைச்சப்புறம் கம்மி வாட்ல ஒரு பல்ஸ் குடுங்க, ஆவி சமமா வருதா பாருங்க, காயில் உள்பக்கம் எங்கயாவது காஞ்ச வெள்ளை திட்டு தெரியுதா பாருங்க. இது சரியானப்புறம்தான் சேம்பர மூடணும். மூடி ஜூஸ் ரொப்பி ஒரு 5 நிமிஷம் நிக்க விடுங்க.

முதல் நாலஞ்சு இழுப்பு நல்லா இருந்து அப்புறம் கருகுனா, காட்டன் குடிக்கற வேகத்த விட நீங்க எரிக்கற வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம். இங்கதான் பெரும்பாலானவங்க காட்டன இன்னும் சேக்கறாங்க, அது நேர் எதிர் வேலை. காட்டன் காயிலுக்குள்ள எப்படி போகணும்னா, இழுக்கறப்போ லேசா ஒரு பிடிப்பு தெரியணும், ஒரு மெல்லிசு சரசர சத்தம் வரும், ஆனா காயில் காட்டனோட சேந்து நகரக்கூடாது, சுத்து விலகக்கூடாது. காயில் சாஞ்சுதுன்னா காட்டன் ஜாஸ்தி. ஒண்ணுமே தெரியாம வழுக்கிட்டு போச்சுன்னா கம்மி, அப்போ காட்டனுக்கும் கம்பிக்கும் நடுவுல இடைவெளி வந்து கம்பி காய்ஞ்சு போய் அதுவும் கருகும். நுனில பிளாஸ்டிக் போட்டு ஷூ லேஸ் மாதிரி வர்ற காட்டன் இருக்கே, அது 3 மில்லிமீட்டர் காயிலுக்குன்னு போட்டிருந்தாலும் சில காயில்ல டைட்டா இருக்கும், ரெண்டு மூணு இழை உருவிட்டு போடுங்க.

அப்புறம் வால். உள்ள எவ்வளவு கரெக்டா போட்டாலும் வால் கெட்டுச்சுன்னா எல்லாம் கெட்டுது. டெக்கோட வெளி விளிம்பு வரைக்கும் வர்ற மாதிரி 45 டிகிரி சாய்வா வெட்டுங்க, வெட்டுனப்புறம் ட்வீசர் நுனியால இல்ல சின்ன சீப்பால வால கீழ்ப்பக்கமா கோதி விடுங்க, உதிரியா இருக்கற பஞ்செல்லாம் வந்துடும், வால் பாதிக்கு பாதி மெலிஞ்சு பூ மாதிரி விரியும். அத ஜூஸ் ஓட்டை மேல உக்கார வைங்க, அமுக்கி அடைக்காதீங்க, ஓட்டைய மூடி இருக்கணும் ஆனா ஓட்டைக்குள்ள பேக் ஆகி இருக்கக்கூடாது. நனைஞ்சா காட்டன் உப்பும்ன்றதையும் கணக்குல வச்சுக்கோங்க, காஞ்ச நிலையிலயே டைட்டா இருந்தா நனைஞ்சப்புறம் அடைச்சுக்கும்.

சரி பண்ணியாச்சான்னு பாக்க கண்ணாடிய பாருங்க. ரெண்டு மூணு இழுப்புக்கு ஒரு தடவயாவது குமிழி மேல போகணும். குமிழியே வரல, காட்டனும் கரெக்டாத்தான் இருக்குன்னு தோணுனா ஒரு குமிழி ஜூஸ் ஓட்டைல மாட்டிக்கிட்டு இருக்கலாம், ஏர்ஃப்ளோவ (காத்து போற ஓட்டை) மூடிட்டு பட்டன் அமுக்காம சின்னதா ஒரு இழுப்பு இழுங்க, மாட்டிட்டு இருந்தது களக்குன்னு மேல போகும். இத ஒண்ணு ரெண்டு தடவைக்கு மேல பண்ணாதீங்க, காயில் ஜூஸ்ல மூழ்கிடும். ஒவ்வொரு தடவையும் இத பண்ணித்தான் ஓட்ட வேண்டியிருக்குன்னா வால இன்னும் மெலிசாக்குங்க.

ஜூஸும் காரணமா இருக்கும். 70/30 ஜூஸ்னா 70 பங்கு விஜி (கிளிசரின்), கெட்டியா இருக்கும், இங்க ஜனவரி குளிர்ல இன்னும் கெட்டியாகும், எம்டிஎல் டேங்கோட சின்ன ஓட்டைல அது எறங்காது, அதுக்கு 50/50தான். வெயில் காலத்துல நல்லா ஓடுன அதே பில்டு டிசம்பர்ல கருகுதுன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஜூஸத்தான். வாட்டேஜ் பத்தி ஒரு அளவு, 0.8லேர்ந்து 1.2 ஓம் எம்டிஎல் காயில்னா 10லேர்ந்து 16 வாட், அதுக்கு மேல ஏத்தி இன்னும் சுவை வரும்னு எதிர்பாக்காதீங்க.

ஒரு வாரம் நல்லா ஓடி அப்புறம் கருகல் வந்தா அது பில்டு தப்பில்ல, காட்டனோட ஆயுசு முடிஞ்சுது, அவ்வளவுதான்.

கீழேர்ந்து லீக் ஆகுது

எங்கேர்ந்து வருதுன்னு முதல்ல தெரியணும். டேங்க நல்லா துடைச்சுட்டு, வெள்ளை டிஷ்யூவ ஒரு கீத்து கண்ணாடியோட கீழ் விளிம்ப சுத்தி கட்டுங்க, இன்னொன்ன டேங்குக்கு அடியில வைங்க, அரை மணி நேரம் நிக்க விடுங்க. கண்ணாடி விளிம்பு டிஷ்யூ நனைஞ்சா ஓ-ரிங் இல்ல கண்ணாடி விரிசல். அடி டிஷ்யூ நனைஞ்சா ஏர்ஃப்ளோ ஓட்டை வழியா வருது, அப்போ காட்டன் இல்லைன்னா மேல் மூடி.

மேல் மூடி எப்படி கீழ லீக் ஆகறதுக்கு காரணம்னு கேப்பீங்க. மேல காத்து கசிஞ்சா டேங்க்ல பிடிமானம் போச்சு, ஜூஸ் தன் வெயிட்டுலயே காட்டன தாண்டி எறங்கும். மேல் மூடி ஓ-ரிங்க கழட்டி வெளிச்சத்துல வச்சு நகத்தால சுத்தி வருடி பாருங்க, சின்ன வெட்டு இருந்தா நகம் தட்டும். எல்லா டேங்க் கூடவும் ஸ்பேர் ஓ-ரிங் ஒரு சின்ன கவர்ல வரும், அத தூக்கி போட்டுடாதீங்க. மாட்டறதுக்கு முன்னாடி ஒரு சொட்டு விஜி தடவுங்க, காஞ்ச ஓ-ரிங் திருகறப்போ சுருண்டு வெட்டு விழும்.

அடுத்து, ஜூஸ் ரொப்புனதும் உடனே லீக் ஆகுதுன்னா காட்டன பழி சொல்றதுக்கு முன்னாடி ரொப்பற விதத்த பாருங்க. மேல் மூடிய திருகி மூடறப்போ மூடி உள்ள இருக்கற காத்த கீழ அமுக்குது, அந்த அமுக்கல் ஜூஸ காட்டன் வழியா சேம்பருக்குள்ள தள்ளிடுது. அதனால ஏர்ஃப்ளோவ மூடுங்க, ஜூஸ் கண்ட்ரோல் இருந்தா அதையும் மூடுங்க, ரொப்புங்க, முழுசா விளிம்பு வரைக்கும் ரொப்பாம கொஞ்சம் இடம் விடுங்க, மூடுங்க, மூடுனதும் டேங்க தலைகீழா கவுத்து அப்போ ஏர்ஃப்ளோவ திறங்க. கவுத்துட்டா காத்து ஏறி ஜூஸ் ஓட்டை பக்கம் வந்துடும், ஜாஸ்தியா இருக்கற அழுத்தம் காத்தாவே வெளிய போகும், ஜூஸ் போகாது. சின்ன விஷயம்தான், ஆனா இத பழகுனா பாதி லீக் நின்னுடும்.

ரொப்புனப்போ ஓகே, ராத்திரி மேஜை மேல வச்சுட்டு காலைல பாத்தா குளம்னா வால் மெலிசு இல்லைன்னா குட்டை. ஓட்டைய முழுசா மூடல, எங்கயோ ஒரு ஓரத்துல வெளிச்சம் தெரியுது. ஜூஸ காலி பண்ணிட்டு சேம்பர கழட்டி பக்கவாட்டுலேர்ந்து பாருங்க, வால் ஒதுங்கி நின்னா தெரியும். புதுசா காட்டன் போடறப்போ வால ஒரு மில்லிமீட்டர் நீளமா விடுங்க, கோதறத கொஞ்சம் கம்மி பண்ணுங்க, ஒரே தடவைல நிறைய சேக்காதீங்க, இங்கேர்ந்து கருகலுக்கு போக ரொம்ப தூரம் இல்ல.

கார் டேஷ்போர்டுல வெயில்ல வச்சா, ரேடியேட்டர் பக்கத்துல வச்சா, ஃப்ளைட்ல போனா லீக் ஆகறது பில்டு குத்தமே இல்ல. உள்ள இருக்கற காத்து விரிஞ்சு ஜூஸ வெளிய தள்ளுது. இதனாலதான் பாதி காலியான டேங்க் முழு டேங்க விட ஜாஸ்தி லீக் ஆகும், விரியறதுக்கு அங்க காத்து நிறைய இருக்கு. ஃப்ளைட்டுக்கு டேங்க முழுசா காலி பண்ணிட்டு போங்க, பேட்டரி கைப்பைலதான் போகணும், செக்-இன் பெட்டில போடக்கூடாது.

கீழ் ஏர்ஃப்ளோ டேங்க் உங்களுக்கு ஒத்தே வரலன்னா ஸீயஸ் மாதிரி மேல் ஏர்ஃப்ளோ டேங்க் இருக்கு, காத்து ஓட்டை மேல இருக்கறதால காட்டன் கொஞ்சம் முன்ன பின்ன இருந்தாலும் பாக்கெட் நனையாது. அன்னாடம் வேலைக்கு போறவங்களுக்கு நான் அதத்தான் சொல்வேன். கீழ் ஏர்ஃப்ளோல சுவை கூடன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கும் அப்படித்தான் தோணுது, ஆனா சட்டை பாக்கெட் முக்கியம்.

இழுக்கறப்போ களகளன்னு சத்தம், வாய்ல சூடா ஜூஸ் தெறிக்குது

காயில் மூழ்கி இருக்கு. டேங்க மாட்லேர்ந்து கழட்டி, ஏர்ஃப்ளோவ முழுசா திறந்து, கீழ டிஷ்யூ பிடிச்சுட்டு டிரிப் டிப் (வாய் வைக்கற முனை) வழியா பலமா ஊதுங்க, தேங்குனது வந்துடும். சிம்னிக்குள்ள (நடுவுல ஆவி வர்ற குழாய்) டிஷ்யூவ திரிச்சு விட்டு துடைங்க. மாட்ல மாட்டி இழுக்காம ரெண்டு பல்ஸ் குடுங்க, சத்தம் பொரிபொரின்னு சீரா வரும், அப்புறம் இழுங்க. திரும்ப திரும்ப வந்தா வாட்டேஜ் ரொம்ப கம்மியா இருக்கலாம், ஜூஸ் ஆவியாகாம கொதிச்சு தெறிக்குது, 2 வாட் 2 வாட்டா ஏத்தி பாருங்க. ரொம்ப பலமா உறிஞ்சு இழுக்கறவங்களுக்கும் இது வரும், ஏர்ஃப்ளோவ கொஞ்சம் திறந்துட்டு மெதுவா இழுங்க. பெரிய கம்பி மேல மெல்லிசு கம்பி சுத்துன கிளாப்டன் காயில்ல ஜூஸ் நிறைய தங்கும், அதுல கொஞ்சம் தெறிக்கறது சகஜம்.

சுவையே இல்ல, காயில் சீக்கிரமா கறுத்துடுது

புது டேங்க்னா மொதல்ல கழுவுனீங்களான்னு யோசிங்க, தயாரிக்கறப்போ போட்ட மெஷின் ஆயில் உள்ள இருக்கும், பிரிச்சு பாத்திரம் கழுவற லிக்விட் போட்டு வெந்நீர்ல கழுவி நல்லா காய வைக்கணும். அப்புறம் காயில் உயரம், கீழ் ஏர்ஃப்ளோ டேங்க்ல காயிலோட அடி காத்து ஓட்டைக்கு மேல ஒண்ணரை மில்லிமீட்டர் பக்கம் இருக்கணும், ஓட்டைக்கு நேர் நடுவுல இருக்கணும். ரொம்ப தூக்கி வச்சா காத்து காயில தொடாம பக்கவாட்டுல ஓடிடும், சுவை மங்கிடும், சேம்பர தொடற அபாயமும் வரும்.

கறுக்கறதுக்கு காரணம் அநேகமா சுக்ரலோஸ், டெசர்ட், மிட்டாய் ஃப்ளேவர்ல போடற இனிப்பு. அது ஆவியாகாம காயில் மேல கரியா படியும். அந்த ஜூஸ்தான் பிடிக்கும்னா ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ காட்டன் மாத்தறதுக்கு தயாரா இருங்க. காயில தூக்கி போட வேண்டியதில்ல, காட்டன உருவிட்டு கம்மி வாட்ல பல்ஸ் குடுத்து கரிய எரிச்சு, பட்டன விட்டு, நல்லா ஆறவிட்டு, டேங்க மாட்லேர்ந்து கழட்டி குழாய் தண்ணில பிரஷ் போட்டு தேய்ங்க, காய வைங்க, திரும்ப ஓம்ஸ் பாத்துட்டு புது காட்டன். சிவக்க இருக்கற காயில் மேல தண்ணி ஊத்தற வேலை வேண்டாம்.

பிளாஸ்டிக் டேங்க் வச்சிருக்கறவங்க எலுமிச்சை, பட்டை, மென்தால் ஃப்ளேவர் ஊத்தாதீங்க, பாலிகார்பனேட் வெடிப்பு விட்டுடும், அதுக்கு கண்ணாடி வேணும்.

மாட் சுடுது, பேட்டரி சீக்கிரம் போகுது

இதுல மட்டும் தயவுசெஞ்சு சோதிச்சு பாக்கலாம்னு இறங்காதீங்க. பேட்டரிய கழட்டி 18650ஓட பிளாஸ்டிக் உறைய பாருங்க, நகக்கீறல் அளவுக்கு கிழிஞ்சிருந்தாலும் உறை மாத்தற வரைக்கும் அத தொடாதீங்க, பேட்டரியோட பாடி முழுக்க நெகட்டிவ், கிழிசல் மாட் உலோகத்த தொட்டா நேரடி ஷார்ட். பாசிட்டிவ் முனைல இருக்கற வெள்ளை வளையமும் முழுசா இருக்கணும். பாக்கெட்ல சாவியோட சில்லறையோட பேட்டரிய போடாதீங்க, ஒரு சின்ன பிளாஸ்டிக் கேஸ் போதும்.

மெக்கானிக்கல் மாட்ல, அதாவது சிப் இல்லாத மாட்ல, புது பில்ட டெஸ்ட் பண்ணவே கூடாது. 0.2 ஓம் காயில்னா முழு சார்ஜ்ல 4.2 வோல்ட், வகுத்து பாருங்க, 21 ஆம்ப், பேட்டரியால அத தொடர்ந்து குடுக்க முடியுமான்னு தெரியாம பட்டன அமுக்கறது ஆபத்து, ஷார்ட் ஆச்சுன்னா அத நிறுத்த அங்க எதுவும் இல்ல. ஹைப்ரிட் டாப் மாட்ல (டேங்கோட பின் நேரா பேட்டரிய தொடற மாட்) 510 பின் மரைய விட வெளிய நல்லா நீட்டிட்டு இருக்கற டேங்க் மட்டும்தான் மாட்டலாம், நிறைய ஆர்டிஏல பின் சமமா இருக்கும், அத அதுல மாட்டுனா பேட்டரியோட பாசிட்டிவ் நேரா பாடிய தொடும். எந்த பில்டா இருந்தாலும் முதல்ல ஓம் மீட்டர்ல இல்ல ரெகுலேட்டட் (சிப் இருக்கற) மாட்ல பாத்துடுங்க.

டெம்பரேச்சர் கண்ட்ரோல் இருக்கற மாட்ல எஸ்எஸ்316எல் போட்டா கருகலயே தடுக்கலாம், கம்பி சூடாக சூடாக ஓம்ஸ் ஏறும், மாட் அத படிச்சு பவர குறைக்கும், 200லேர்ந்து 220 டிகிரி செல்சியஸ் வச்சா போதும். ஆனா டேங்க் ரூம் சூட்டுல ஆறி இருக்கறப்போதான் ஓம்ஸ லாக் பண்ணணும், சூடா இருக்கறப்போ லாக் பண்ணுனா கணக்கு மொத்தமும் தப்பாகும். கந்தால் சூட்டுக்கு ஓம்ஸ் மாறாத கம்பி, அதுல இது வேலைக்கே ஆகாது.

வீட்ட விட்டு எடுத்துட்டு போறதுக்கு முன்னாடி

காட்டன் மாத்தி, ரொப்பி, 5 நிமிஷம் நிக்க வச்சாச்சுன்னா ஓம்ஸ் பாருங்க, வெறும் காயில்ல வந்த நம்பரேதான் வரணும். நீங்க வழக்கமா வைக்கற வாட்ட விட கம்மில ஆரம்பிச்சு மூணு இழுப்பு, நடுவுல இடைவெளி விட்டு, குமிழி போகுதான்னு கண்ணாடிய பாத்துட்டே. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, கருகற மாதிரி ஒரு சின்ன காய்ஞ்ச சுவை தெரிஞ்ச உடனே 3 வாட் எறக்குங்க, உங்க காட்டனோட எல்லை அது. கையில ஜூஸ் பட்டிருந்தா சோப்பு போட்டு கழுவுங்க, நிகோடின் தோல் வழியா ஏறும், பாட்டில குழந்தைங்க நாய் பூனை எட்டாத எடத்துல வைங்க. கடைசியா டேங்க டிஷ்யூ மேல படுக்க வச்சு ஒரு மணி நேரம் விடுங்க, நிக்க வைக்காதீங்க, பாக்கெட்டுக்குள்ள அது படுத்துதான் இருக்கும். டிஷ்யூ காஞ்சு இருந்தா எடுத்துட்டு கிளம்புங்க, நனைஞ்சிருந்தா காயில தொடாதீங்க, காட்டன மட்டும் உருவிட்டு வால ஒரு மில்லிமீட்டர் நீளமா வெட்டி திரும்ப போடுங்க.